பலகையின் பின்பக்கம்

பலகைகளை எல்லாம் எரித்துவிட்டேன் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். ஆறில் நாலைத்தான் எரித்திருந்தேன்.

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம் அது. எனக்கு வயது இருபத்துநாலு. மெட்ராஸில் இரண்டு வருஷம் ஓவியம் படித்துவிட்டு வந்து, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். வீட்டில் அம்மை, அண்ணன், நான், மூன்று பேர்தான். அண்ணனுக்குக் குன்னத்துகால் சந்தை அருகே சைக்கிள் கடை. ஆனால் அந்த வருஷங்களில் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. மலையாளச் சீமையில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் அவனும் ஒருவன். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் அந்தக் கணக்கில் வைத்துத்தான் கேட்டார்கள்.

தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்த சேதி வந்த மறுநாள், அண்ணன் ஆறு பலகைகளை அடுக்களையில் கொண்டுவந்து போட்டான். தேயிலைப் பெட்டியைப் பிரித்தெடுத்த பலகைகள். ஒவ்வொன்றிலும், சைக்கிளுக்கு அடிக்கிற சிவப்பு எனாமலால், 'எங்கள் தாலுகா தமிழகத்தோடே' என்று எழுதியிருந்தது. ஊர்வலத்துக்காக அவனே எழுதியவை.

"ஒண்ணு மிச்சமில்லாம எரிச்சிரு. என் எழுத்தாக்கும். கடை போர்டைப் பாத்தவன் எவனுக்கும் தெரிஞ்சு போவும்" என்றான். அன்றைக்கே ஒரு துணிப் பையோடு கிளம்பிவிட்டான். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தெரிந்துவைத்திருந்தால் போலீஸ் கேட்கும்போது சொல்ல வேண்டிவரும்.

நாலு பலகையை உடைத்து அடுப்பில் வைத்தேன். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு முடிச்சோ வெடிப்போ இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. எங்கள் ஊர் மழையில் அட்டையில் வரைந்த படமெல்லாம் வளைந்து, பூசணம் பூத்துப் போய்க்கொண்டிருந்தது. நல்ல பலகைக்கு நான் எத்தனை நாள் அலைந்திருக்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரியாது. இரண்டை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கிளம்பும்முன் அண்ணன் கேட்டபோது, ஆறையும் எரித்தாயிற்று என்றேன். இரண்டு நாள் கழித்து, சுத்தமான பக்கத்தில் வெள்ளை பூசி வரைய ஆரம்பித்துவிட்டேன். எழுத்து சுவரைப் பார்த்து இருக்கும், யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் என்ன வரைந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சதுரம், முக்கோணம், வட்டம், கோடு. அவ்வளவுதான். மெட்ராஸில் ஒரு வாத்தியார் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். அதில் ஒரு படத்தில், சாய்ந்து நிற்கிற ஒரு சதுரமும் அதை ஒட்டி ஒரு சிவப்புப் பட்டையும் தவிர வேறு எதுவும் இல்லை. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சதுரம் இப்போது விழப்போகிறது என்று தோன்றியது. ஆள் இல்லை, முகம் இல்லை, ஆனாலும் பயம் இருந்தது. இது எப்படி முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிற வெறியோடுதான் ஊருக்கு வந்தேன்.

ஊரில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுவோம். போராட்டம் வந்த பிறகு அது முடியாமல் போயிற்று. சாயாக்கடையில் மலையாளமாக 'வெள்ளம்' கேட்டால் ஒரு மேசையிலிருந்து முறைப்பார்கள், 'தண்ணி' கேட்டால் இன்னொரு மேசையிலிருந்து. சபையில் எந்தப் பாஷையில் ஜெபிக்கிறோம் என்பதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு தென்னையை வரைந்தால்கூட இது யாருடைய தென்னை என்று கேட்பார்களோ என்று இருந்தது. வட்டத்தையும் சதுரத்தையும் எவரும் எந்தப் பக்கத்துக்கும் இழுக்க முடியாது என்று நம்பினேன்.

அண்ணனுக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏட்டி, வெளியில போலீஸ்காரன் மனுசனை அடிச்சுக் கொல்லுதான். நீ காம்பஸை வச்சு வட்டம் போட்டுட்டு இருக்கே. வெக்கமா இல்லியா?" என்று, கிளம்பிப் போவதற்கு முன்னால் ஒருநாள் கேட்டான். நான் காம்பஸின் முனையை மறுபடியும் ஊன்றினேன். 

அண்ணன் போய்ப் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலை, போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும். அம்மை மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்து நின்றாள். நான்தான் போய் அதை வாங்கி வைத்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். முப்பது வயதுக்குள் இருக்கும். மலையாளத்தில்தான் பேசினார். சத்தம் போடாமல், மரியாதையாகப் பேசினார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "சேட்டன் எவிடெ?" என்றார். அண்ணன் எங்கே என்று தெரியாது என்றோம். நெல் பத்தாயம், பரண், கட்டிலடி எல்லாம் பார்த்தார்கள். கட்டிலடியில் ஒன்றுமில்லை. பலகைகள் இரண்டும் பக்கத்து அறையில், சன்னலுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

சப் இன்ஸ்பெக்டர் அந்த அறை வாசலில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

ஒரு பலகையில், கீழே இடது மூலையில் கறுப்புச் சதுரம். மேலே விளிம்பை ஒட்டி, சின்னதாக ஒரு காவி முக்கோணம், முனை கீழ்நோக்கி. குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இன்னொன்றில் மஞ்சள் தரையில் மூன்று வெள்ளை வட்டங்கள். அதில் ஒன்றை ஒரு நேர்கோடு வெட்டிக்கொண்டு போனது.

"இது எந்தா, டீச்சரே?"

"படம் சார்."

"எதன் படம்?"

"எதன் படமும் இல்லை சார். வெறும் படம்."

அவர் ஏட்டைப் பார்த்தார். "மேப்" என்றார். "மூணு வட்டம், மூணு ஜங்ஷன். இந்தக் கோடு ரோடு. எடு. ஸ்டேஷனுக்குக் கொண்டு போகலாம். டீச்சரும் வரட்டும்."

ஏட்டு குனிந்தார். எனக்கு முன்னால் என் கால் ஓடியது. "பெயிண்ட் காயல்ல சார், யூனிபாரத்தில ஒட்டிரும். நான் எடுத்துத் தாறேன்" என்று சொல்லி இரண்டு பலகைகளையும் நானே தூக்கினேன். ஒன்றை, வரைந்த பக்கம் வெளியே தெரிய, ஏட்டின் கையில் கொடுத்தேன். விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எழுத்து அவர் நெஞ்சைப் பார்த்து இருந்தது. மற்றதன் எழுத்துப் பக்கத்தை நான் என் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

அம்மை கதவைப் பூட்டிவிட்டு எங்கள் பின்னாலேயே நடந்தாள். "மக்கா, என்னத்துக்காக்கும் இது? படம் வரையதும் குத்தமா?" என்று நடக்க நடக்கக் கேட்டாள். பலகையின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. சாயாக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ரோட்டோரத்துக்கு வந்து பார்த்தார்கள். என் படங்களை ஊரார் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. நான் பார்த்தது ஏட்டின் முழங்கையை மட்டும். கை வலித்து அவர் பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், குனிந்தால், தீர்ந்தது. எழுத்தைப் பார்த்தால் அண்ணனுக்கு எதிராக வேறு சாட்சி தேட வேண்டியதே இல்லை, அது கைவசம் வந்துவிடும். பிறகு அவனைப் பிடிக்கிற அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்டேஷனில் அம்மையை வெளியே நிறுத்திவிட்டார்கள். பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்க நான் ஓடினேன். சப் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இனி சொல்லுங்கள். இந்த முக்கோணம் எந்த இடம்?"

"இடம் இல்லை சார்."

"முனை தெற்கே காட்டுகிறது."

"தெற்கே இல்லை சார், கீழே."

"மேப்பில் கீழேதானே தெற்கு?"

 அவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஒரு விரலால் அதன் மேல்விளிம்பைத் தொட்டார். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் பலகை முன்னால் சாயும். அவரைப் படத்தின் முன்பக்கத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு என்னிடம் இருந்தது பேச்சு ஒன்றுதான்.

"சார், நான் ஒண்ணு காட்டட்டா?" என்றேன்.

பதிலுக்குக் காத்திராமல் மேசையிலிருந்த தடித்த ரெஜிஸ்டரை எடுத்து, மேசையின் ஒரு மூலையில் வைத்தேன். கண்ணாடி பேப்பர்வெயிட்டை அதை ஒட்டி வைத்தேன். "இப்பப் பாருங்க சார். மேசை இந்தப் பக்கம் சரியுத மாதிரி தோணுதா?"

அவர் முகம் சுளித்தார். ஆனால் பார்த்தார்.

பேப்பர்வெயிட்டை எடுத்து எதிர்மூலையின் விளிம்பில், கீழே விழுந்துவிடுமோ என்கிற இடத்தில், வைத்தேன். "இப்ப?"

"இப்போ... நேராகிவிட்டது." அவர் குரலில் முதல்தடவையாகச் சந்தேகம் இருந்தது.

"பேப்பர்வெயிட் சின்னது சார். ரெஜிஸ்டர் பெருசு. ஆனா விளிம்புல இருக்கதுனால கண்ணு அங்கேயே போவுது. அதுக்கு எடை கூடிருது. இந்தக் கறுப்புச் சதுரமாக்கும் ரெஜிஸ்டர். இந்த முக்கோணமாக்கும் பேப்பர்வெயிட். சின்ன ஒண்ணு பெரிய ஒண்ணைத் தாங்கி நிக்குமான்னு பாத்தேன். வேற ஒண்ணும் இல்லை."

"கோடு?"

"கோடு இல்லாம வரைஞ்சேன் சார் முதல்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காம நின்னுது. கோடு போட்ட பொறவுதான் ரெண்டுக்கும் ஒரு சண்டை வந்துது."

சண்டை என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. மேசையருகே போய், பேப்பர்வெயிட்டை அவரே ஒரு அங்குலம் நகர்த்தினார். பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார். நான் விடாமல் பேசினேன். வட்டம் எங்கேயும் நிற்காது சார், உருண்டுகொண்டே இருக்கும், அதனால்தான் அதை ஒரு கோட்டால் வெட்டி நிறுத்தினேன் என்றேன். சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் அதற்கு உயிர் வந்துவிடுகிறது என்றேன். மெட்ராஸில் இரண்டு வருஷம் படித்தபோது எனக்குத் தெளியாததெல்லாம் அந்த மேசைக்கு முன்னால், பயத்தில், தெளிவாக வாயில் வந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரு பொய்யை மறைக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர், "அப்படியென்றால் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே போய், சதுரம் போட்ட பலகையை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார்.

  அவர் படத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, வண்டிச் சக்கரத்தைத் திருப்புவதுபோல் மெதுவாகத் திருப்பினார். பலகையின் பின்பக்கம் ஏட்டைப் பார்த்திருந்தது. ஏட்டு இரண்டடி தள்ளி, கதவருகே நின்றார். ஐம்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்து ஆள்தான், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். அவர் கண் சிவப்பு எழுத்துகளின் மேல் ஓடுவதை நான் பார்த்தேன். எழுத்து தலைகீழாகிக்கொண்டிருந்ததால் கழுத்தைச் சாய்த்துப் படித்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 

ஏட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"தலைகீழாக வைத்தால் சதுரம் நம் தலையில் விழும்போல் இருக்கிறது" என்று சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். பலகையைப் பழையபடி சாய்த்து வைத்தார். கையில் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி டீச்சர். மேப் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதித் தாருங்கள். ஆனால் படம் ரெண்டும் இங்கே இருக்கட்டும். பெரிய ஆபீசர் வரும்போது காட்டுகிறேன்."

இங்கே இருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது திருப்புவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டின் குரல் கேட்டது.

"சாரே, இத வைக்க எடம் எங்கே? அந்த ரூம் நெறைய ரெக்கார்டாக்கும். காயாத பெயிண்டு. பேப்பர்ல ஒட்டினா நாளைக்கு நம்மளாக்கும் பதில் சொல்லணும்."

சப் இன்ஸ்பெக்டர் கறை போகாத தன் விரல்களைப் பார்த்தார். "கொண்டு போகட்டும்" என்றார்.

அவரே மலையாளத்தில் எழுதினார். 'மேற்படி படங்களுக்கு யாதொரு அர்த்தமும் இல்லை என்று இதனால் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கினேன்.  கொஞ்சம் முன்னால்தான் அந்தப் படங்களுக்கு என்ன அர்த்தம் என்று என் வாயே சொல்லி முதல்தடவையாகக் கேட்டிருந்தேன். அர்த்தம் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏட்டு கேட் வரை வந்தார். அம்மை மதில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அம்மையிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் குனிந்து, "டீச்சரே, பலகைக்குப் பின்னாலயும் பெயிண்ட் அடிக்கணும். இல்லேன்னா செதலரிச்சுப் போவும்" என்று கரையானைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். திரும்பி நடந்துவிட்டார். துப்பாக்கிச்சூடு நடந்த அன்றைக்கு அவர் தெற்கே டூட்டிக்குப் போயிருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. அவரிடம் கேட்கிற தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்தேன். ஒரு பூச்சுக்குச் சிவப்பு தெரிந்தது. இரண்டாவது பூச்சுக்கும் தெரிந்தது. மூன்றாவதில்தான் மறைந்தது. அப்போதுதான் அம்மைக்கு விஷயம் புரிந்தது. அவள் என்னை அடித்ததே இல்லை. அன்றைக்குக் கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னாலுள்ள மரச்சீனி விளை வழியாக அண்ணன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவன் சோறு சாப்பிட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க முடியாது, அதற்குள் ஸ்டேஷன் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நான் எரிச்சிரச் சொன்னேன்" என்றான். "ஆமா" என்றேன். "ஆறையும் எரிச்சேன்னு சொன்னே." "ஆமா." "என்னைவிட ஒனக்கு அந்தப் பலகை பெருசாப் போச்சு, இல்லியா?"

அப்படி இல்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் அன்றைக்கு அடுக்களையில் பலகையைத் திருப்பிப் பார்த்த நேரத்தில் அவன் என் நினைவில் இல்லை என்பதுதான் உண்மை.  அவன் கைகழுவிவிட்டு வந்த வழியே போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. வழக்குகள் ஒவ்வொன்றாகத் தணிந்து அவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும், எதுவானாலும் அம்மையிடம்தான் சொல்வான். "அவகிட்டச் சொல்லு" என்பான், நான் பக்கத்திலேயே நிற்க.

கடைசியில் எல்லையைப் போட்டார்கள். பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. தெற்கே வெடி போட்டார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, கடையைக் காலிசெய்து, களியக்காவிளைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு வேலை இந்தப் பக்கம். அம்மை என்னோடு இருந்தாள். நடந்தே போய்விடுகிற தூரம்தான். ஆனால் அவன் போன பிறகு வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், இனி அவன் வராமலே இருந்துவிடுவானோ என்று நான் ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

போகும்போது, "ஞாயித்துக்கிழமை வாறேன்" என்று அம்மையிடம் சொல்லியிருந்தான். முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, நாங்கள் சபை முடிந்து வந்தபோது, முற்றத்தில் சைக்கிள் நின்றது.

அண்ணன் என் அறைக்குள் நின்றுகொண்டிருந்தான். அப்போது ஒரு பெரிய துணியில் வரைந்துகொண்டிருந்தேன். நீலத்தில் இரண்டு செவ்வகங்கள், நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். ஒரு மாதமாகச் சரிவராமல் இழுத்துக்கொண்டிருந்த படம். நான் வாசலில் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு இது ஒண்ணும் மனசிலாவல்ல, கேட்டியா" என்றான். என்னிடம்தான் சொன்னான். அம்மை அடுக்களையில் இருந்தாள்.

"செரி" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் பார்க்கிறவன்போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அந்த மஞ்சள் கொஞ்சம் எடப்பக்கம் போவணும்னு தோணுது."

அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, வட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு விரல் இடதுபக்கமாகத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.